ஆங்கிலம் பேச, எழுத நான்கு இலவச அகராதித் தளங்கள்: எது எதற்கு உதவும்?

'ஐ ஹேவ் எ டவுட்' என்று சொல்லிக் கை தூக்குவது தமிழ்நாட்டு வகுப்பறைகளில் வழக்கம். இங்கே எல்லோருக்கும் அது புரியும். அதே வாக்கியத்தை லண்டனில் ஒரு பேராசிரியரிடம் சொன்னால், 'நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்ற தொனி ஏறிவிடும். தமிழில் 'சந்தேகம்' இரண்டு வேலை பார்க்கிறது. ஒருவர் பேச்சை நம்பாமல் இருப்பதும் சந்தேகம். புரியாததைக் கேட்பதும் சந்தேகம். ஆங்கில 'டவுட்' முதல் வேலையோடு நின்றுவிடும். இரண்டாவதற்கு 'கொஸ்டின்'தான். ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினால் 'டவுட்' என்பதற்கு எதிரே 'சந்தேகம்' என்று இருக்கும். அது தவறில்லை. படித்துப் புரிந்துகொள்ள அது போதும். வாய் திறந்து பேச அது போதாது.

ஒரு சொல்லின் பொருள் தெரிந்திருந்தும் அதை எந்த வினைச்சொல்லோடு சேர்ப்பது, பின்னால் எந்த முன்னிடைச்சொல் ('ஆன்', 'ஃபார்', 'அபவுட்' போன்ற ப்ரிபொசிஷன்) வரும், அலுவலக மின்னஞ்சலில் எழுதலாமா நண்பனிடம் மட்டும் சொல்லலாமா என்று தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்காக இந்த மதிப்பீடு. இந்தத் தகவல்களைத் தருவதற்கென்றே ஆங்கிலத்தில் 'லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' என்று ஒரு தனி வகை உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான அகராதி வேறு; இது வேறு. இந்த வகையில் லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு, காலின்ஸ் கோபில்டு, கேம்பிரிட்ஜ் என்ற நான்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கூகுளில் ஒரு சொல்லைத் தட்டினால் மேலே ஒரு பெட்டியில் பொருள் வருகிறது; அதன் அடியில் ஆக்ஸ்ஃபோர்டு லாங்வேஜஸ் என்று பெயரும் இருக்கிறது. அதனால் பலர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் பார்த்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அது தாய்மொழியாளருக்கான அகராதித் தரவு. கற்பவருக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி தனித் தளம். அமெரிக்க நிறுவனமான மெரியம் வெப்ஸ்டரின் முதன்மை அகராதியும் தாய்மொழியாளருக்கானதுதான். அதில் பொருள்கள் வரலாற்று வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். இன்று அதிகம் வழங்கும் பொருள் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நிற்கலாம். முதல் பொருளை மட்டும் படித்துவிட்டு நகர்கிறவருக்கு அது ஆபத்து.

லாங்மன்: பேச்சுக்கு இதுவே முதல் இடம்

நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், பேச விரும்புகிறவருக்கு லாங்மன்தான். 1978இல் முதல் பதிப்பு வந்தபோதே, எல்லாச் சொற்களுக்கும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் விளக்கம் எழுதுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்ட அகராதி இது. அதனால் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப் போய், அந்த விளக்கத்தில் வரும் இன்னொரு சொல்லுக்குப் பொருள் தேடும் அலைச்சல் இதில் குறைவு.

சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பில் எஸ்1, டபிள்யூ2 போன்ற குறிகள் இருக்கும். பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. எஸ் என்பது பேச்சு, டபிள்யூ என்பது எழுத்து. எஸ்1 என்றால் பேச்சில் மிக அதிகமாக வழங்கும் முதல் 1,000 சொற்களில் ஒன்று. எஸ்2 அடுத்த ஆயிரம். எஸ்3 அதற்கடுத்த ஆயிரம். எழுத்துக்கும் இதே கணக்கு. டபிள்யூ குறி இருந்து எஸ் குறி இல்லாவிட்டால் அது எழுத்துச் சொல் என்று எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக் கட்டுரைகளில் நாம் வாரி இறைத்த 'மோர்ஓவர்' போன்ற சொற்களைச் சாப்பாட்டு மேசையில் சொன்னால் ஏன் மேடைப் பேச்சு போலக் கேட்கிறது என்பது இந்தக் குறிகளைப் பார்த்தால் விளங்கும். அந்த இடத்தில் ஒரு சாதாரண 'ஆல்ஸோ' போதும்.

அடுத்தது கொலொகேஷன் பெட்டி. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடும் என்ற பட்டியல் இது. தமிழிலும் இந்தக் கூட்டு உண்டு. 'கனமழை' என்கிறோம், 'பலத்த காற்று' என்கிறோம். 'கனக்காற்று' என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது, வழக்கு அப்படி. ஆங்கிலத்திலும் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. மொழிக்கு மொழி இந்தக் கூட்டு மாறும் இடத்தில்தான் நம் ஆங்கிலம் இடறுகிறது. 'போடு' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், ஊசி போடுகிறோம். ஆங்கிலத்தில் மாத்திரைக்கு 'டேக்', சட்டைக்கு 'புட் ஆன்', சண்டைக்கு 'ஹேவ்', கோலத்துக்கு 'டிரா', ஊசிக்கு 'கிவ்'. ஐந்துக்கும் ஐந்து வினை. 'போடு' என்பதற்கு ஆங்கிலம் என்ன என்று தேடினால் இந்த விடை கிடைக்காது. பெயர்ச்சொல்லை, அதாவது 'டேப்லெட்', 'ஃபைட்', 'இன்ஜெக்‌ஷன்' என்பதைத் தேடி, அதனோடு எந்த வினை வருகிறது என்று பார்க்க வேண்டும். எப்போதும் பெயர்ச்சொல்லிலிருந்து வினைக்குப் போங்கள். வினையிலிருந்து தொடங்கினால் வழி தவறும்.

'டிசிஷன்' என்ற சொல்லை லாங்மனில் திறந்து பாருங்கள். 'மேக் எ டிசிஷன்' முதலில் வரும். 'ரீச் எ டிசிஷன்' என்றால் நெடுநேரம் யோசித்து முடிவுக்கு வருவது என்று விளக்கம் இருக்கும். 'ஸ்னாப் டிசிஷன்' என்றால் நொடியில் எடுத்த முடிவு. சொல் ஒன்றுதான், ஆனால் கூட்டாளி மாறும்போது முடிவெடுத்தவரின் மனநிலையே மாறித் தெரிகிறது. புதிதாக ஐம்பது சொல் மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்த ஐந்து சொல்லுக்கு இப்படிப் பத்துக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்வது பேச்சில் சீக்கிரம் பலன் தரும்.

லாங்மனின் இன்னொரு நன்மை, எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கே ஒலிக்குறி இருப்பது. தனிச் சொல்லின் உச்சரிப்பை எல்லாத் தளங்களும் தருகின்றன; முழு வாக்கியத்தில் எங்கே அழுத்தம் விழுகிறது, எந்தச் சொல் அமுங்கிப்போகிறது என்பதைக் காதால் கேட்பது வேறு அனுபவம். வாக்கியத்தைக் கேட்டு, அதே வேகத்தில் மூன்று முறை சொல்லிப் பாருங்கள்.

குறையும் உண்டு. மரபுத்தொடர்களுக்கு இதில் தனிப் பிரிவு கிடையாது. சொல்லின் மற்றப் பொருள்களோடு கலந்து, எண் வரிசையில் வரும். 'மைண்ட்' போன்ற சொல்லைத் திறந்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அடிக்கடி வருவது மேலே, அரிதானது கீழே. ஒரு தொடரின் பொருளை அவசரமாகத் தேடுகிறவருக்கு இது எரிச்சல் தரும். ஒரு சொல்லை நிதானமாகப் பழகுகிறவருக்கு இதுவே வசதி, எதை முதலில் கற்பது என்று வரிசையே சொல்லிவிடுகிறது. பக்கத்தின் அடியில் வரும் 'எக்ஸாம்பிள்ஸ் ஃப்ரம் த கார்ப்பஸ்' பகுதியை மட்டும் கவனமாகப் படியுங்கள். அவை உண்மையான எழுத்திலிருந்து எடுத்த வாக்கியங்கள். முன்பின் இல்லாமல் தனியாக நிற்பதால் சில புரியவே புரியாது. அங்கிருந்து எடுத்து மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஆக்ஸ்ஃபோர்டு: வாக்கிய அமைப்புக்கு

இந்த அகராதியின் மூலம் இங்கிலாந்தில் இல்லை, ஜப்பானில். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில் சக ஆசிரியர்களோடு தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. மரபுத்தொடர், வாக்கிய அமைப்பு என்ற இரண்டும் அதன் பெயரிலேயே இருந்தன. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்புச் செய்தது. அன்று முதல் அதன் பலம் மாறவில்லை: ஒரு சொல்லை வாக்கியத்தில் எப்படிப் பொருத்துவது என்று சொல்வதில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

'டிஸ்கஸ்' என்ற சொல்லைத் திறந்தால், 'டிஸ்கஸ் அபவுட் சம்திங்' என்று சொல்லக் கூடாது என ஒரு தனிப் பெட்டியே இருக்கிறது. நம் ஊரில் இந்தப் பிழை பரவலாக வருவதற்கு இரண்டு காரணங்கள். தமிழில் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்கிறோம். 'பற்றி' என்பதை 'அபவுட்' ஆக்கிவிடுகிறோம். இரண்டாவது காரணம் நுட்பமானது. 'டிஸ்கஷன் அபவுட்' என்பது சரியான ஆங்கிலம். பெயர்ச்சொல்லுக்கு உரிய முன்னிடைச்சொல் வினைச்சொல்லுக்கும் தொற்றிக்கொள்கிறது. இந்த ஒரு நோய்தான் பல பிழைகளுக்கு வேர். 'எ ரெக்வெஸ்ட் ஃபார்' சரி, ஆனால் வினையாக வரும்போது 'ரெக்வெஸ்டட் ஃபார்' வேண்டாம். 'எம்ஃபஸிஸ் ஆன்' சரி, 'எம்ஃபஸைஸ் ஆன்' தவறு. 'அன் ஆர்டர் ஃபார்' சரி, 'ஐ ஆர்டர்டு ஃபார் எ தோசை' தவறு. ஆகவே ஒரு வினையைத் தேடும்போது அதன் பெயர்ச்சொல் பக்கத்தையும் திறந்து, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆயுளுக்கும் அந்தப் பிழை வராது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்து மேலே போகும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் அது எந்த நிலைக்கு உரியது என்று பல இடங்களில் குறித்திருக்கிறார்கள். முக்கியமான 3,000 சொற்கள் ஏ1 முதல் பி2 வரை; அதற்கு மேல் 2,000 சொற்கள் பி2, சி1 நிலையில். இந்தப் பட்டியல் 2019இல் திருத்தப்பட்டது. ஒரே சொல்லின் வெவ்வேறு பொருள்களுக்கு வெவ்வேறு நிலை இருக்கும். 'டேபிள்' என்றால் மேசை என்பது தொடக்க நிலை. அதே சொல் வினையாக வந்தால் கூட்டத்தில் தீர்மானத்தைக் கையாள்வது, அது மேல்நிலை. இங்கே கண்ணிவெடியும் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்தால் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் அதையே விவாதிக்காமல் ஒத்திவைப்பது. இரண்டு நாட்டாரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இந்தச் சொல்லைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சுமார் 750 தொடர்களைக் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு ஃப்ரேஸ் லிஸ்ட் என்ற பட்டியலும் தளத்தில் உண்டு. கூட்டுவினைகள் ('கால் ஆஃப்' போன்ற ஃப்ரேசல் வெர்ப்கள்), மரபுத்தொடர்கள், கொலொகேஷன்கள் எல்லாம் நிலை வாரியாக அதில் இருக்கின்றன. மரபுத்தொடர் என்றதும் பூனையும் நாயுமாக மழை பெய்வதையே நினைக்கிறவர்கள் இந்தப் பட்டியலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பேச்சை உண்மையில் நகர்த்துபவை 'பை த வே', 'இட் டிபெண்ட்ஸ்', 'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ', 'தட் மேக்ஸ் சென்ஸ்' போன்ற எளிய தொடர்கள். வண்ணமயமான தொடர் வாரத்துக்கு ஒரு முறை பயன்படலாம். இவை ஒரே உரையாடலில் நான்கு முறை வரும். கற்கும் வரிசையும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்தத் தளத்தில் கூடுதல் எடுத்துக்காட்டுகளும் பல கொலொகேஷன் பெட்டிகளும் மடித்து வைக்கப்பட்டிருக்கும், தட்டினால்தான் விரியும். கைப்பேசியில் பார்க்கிறவர்கள் அவற்றைக் காணாமலேயே போய்விடுகிறார்கள். மரபுத்தொடர்கள் பக்கத்தின் அடியில் தனிப் பிரிவாக, அகரவரிசையில் இருக்கும். எது அதிகம் வழங்குவது, எது அரிது என்று அந்த வரிசையிலிருந்து தெரியாது. அதற்கு லாங்மனுக்குத்தான் போக வேண்டும். அச்சுப் பதிப்பு வேண்டுமென்றால் 2020இல் வந்தது பத்தாம் பதிப்பு. பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். வாக்கிய அமைப்புகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

கோபில்டு: யார், யாரைப் பற்றி, எந்த மனநிலையில்

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஜான் சிங்க்ளேர் தலைமையில் உருவாகி 1987இல் வெளிவந்த அகராதி இது. பொருளை ஒரு துண்டுச் சொல்லாகச் சொல்லாமல் முழு வாக்கியமாகச் சொல்வது இதன் தனித்தன்மை. 'நீங்கள் ஒருவரைப் பற்றி இப்படிச் சொன்னால், அவர் இன்னது செய்கிறார் என்று கருதுகிறீர்கள்' என்ற பாணியில் விளக்கம் ஓடும். மரபுத்தொடர் கற்பவருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறெங்கும் இல்லை. அந்தத் தொடரை நம்மைப் பற்றியே சொல்லலாமா, பிறரைப் பற்றி மட்டுமா, மனிதருக்கா பொருளுக்கா என்பதெல்லாம் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். பாராட்டா, கண்டனமா, பணிவா, அழுத்தமா என்று தனிக் குறியும் போடுவார்கள்.

'ஒல்லி' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்லிம்', 'தின்', 'ஸ்கின்னி' என்று மூன்று சொல் எல்லோருக்கும் தெரியும். 'ஸ்லிம்' பாராட்டு. 'ஸ்கின்னி' பெரும்பாலும் எலும்பும் தோலுமாக இருப்பதைக் குறை சொல்வது. விருந்துக்கு வந்தவரிடம் எதைச் சொல்கிறோம் என்பது பெரிய விஷயம். அதைவிடப் பெரியது மரணச் செய்தி. 'கிக் த பக்கெட்' என்பதைப் 'இறந்துபோதல்' என்று மட்டும் எழுதிக் கற்பிக்கும் கையேடுகள் உண்டு. அது கேலித் தொனியுள்ள தொடர். தமிழில் 'மண்டையைப் போட்டார்' என்பதற்கு நிகர். இரங்கல் மின்னஞ்சலில் அதை எழுதினால் மன்னிக்கமாட்டார்கள். 'பாஸ் அவே' என்பதுதான் 'காலமானார்'. மரபுத்தொடரின் பொருளுக்கு முன்னால் அதன் முத்திரையை, அதாவது இந்தத் தொனிக் குறியைப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

காலின்ஸ் தளத்தில் ஒரு சிக்கல்: ஒரே பக்கத்தில் கோபில்டு, தாய்மொழியாளருக்கான பிரிட்டிஷ் அகராதி, அமெரிக்க அகராதி எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். கோபில்டு என்ற தலைப்பு இருக்கும் பகுதியை மட்டும் படியுங்கள். விளம்பரங்களும் அதிகம்.

கேம்பிரிட்ஜ் வேகமாகப் பார்க்க நல்ல தளம். பல பொருள் உள்ள சொல்லில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வழிகாட்டிச் சொல் பெரிய எழுத்தில் இருப்பதால் வேண்டியதை உடனே பிடிக்கலாம். தமிழ்ப் பொருளும் பல சொற்களுக்குத் தருகிறார்கள். சொற்களைப் பட்டியலாகச் சேமித்துத் தனக்குத் தானே தேர்வு வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. இங்கும் அமெரிக்க அகராதி, வணிக ஆங்கில அகராதி எல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கடுக்காக வரும். எதைப் படிக்கிறோம் என்று தலைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடரைத் தேடும் முறை

ஒரு திரைப்படத்திலோ கூட்டத்திலோ 'ஹி வாஸ் புல்லிங் மை லெக்' என்று காதில் விழுகிறது. அதை அப்படியே தட்டினால் சில தளங்களில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. வினையை மூல வடிவத்துக்கு மாற்றுங்கள்: 'புல்'. 'மை' இருக்கும் இடத்தில் லாங்மனுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் 'சம்படீஸ்', கேம்பிரிட்ஜுக்கும் காலின்ஸுக்கும் 'சம்வன்ஸ்' என்று போடுங்கள். அப்படியும் வராவிட்டால் தொடரில் உள்ள பெயர்ச்சொல்லை, அதாவது 'லெக்' என்பதைத் திறந்து கீழே உருட்டுங்கள். இதன் பொருள் காலை வாருவது இல்லை என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். தமிழில் காலை வாரினால் அது துரோகம். ஆங்கிலத்தில் காலை இழுத்தால் விளையாட்டாகப் பொய் சொல்லி நம்பவைப்பது மட்டுமே.

அகராதி எழுதும் முறையிலேயே ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. 'லூஸ் யுவர் டெம்பர்' என்று 'யுவர்' போட்டிருந்தால், கோபப்படுகிறவரும் அந்த டெம்பருக்கு உரியவரும் ஒருவரே: 'ஷி லாஸ்ட் ஹர் டெம்பர்'. 'சம்படீஸ்' என்று இருந்தால் அது அடுத்தவருடையது. சாய்கோடு இருந்தால் இரண்டில் ஒன்றைப் பயன்படுத்தலாம். அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிடலாம். கூட்டுவினையில் இரண்டு பக்கமும் முனையுள்ள அம்பு இருந்தால் செயப்படுபொருள் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம்: 'கால் த மீட்டிங் ஆஃப்', 'கால் ஆஃப் த மீட்டிங்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' போன்ற சுட்டுப்பெயர் நடுவில்தான் வர வேண்டும்: 'கால் இட் ஆஃப்'. 'கால் ஆஃப் இட்' என்றால் கேட்பவருக்கு உறுத்தும்.

தமிழ் மரபுத்தொடரை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலமாக்குவது இன்னொரு பெரிய பள்ளம். 'மதில் மேல் பூனை' என்பதைக் 'கேட் ஆன் த வால்' என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்கலாம். வெளிநாட்டவருக்கு அது வெறும் பூனைதான். 'ஸிட் ஆன் த ஃபென்ஸ்' நெருக்கமான தொடர். ஆனால் அளவு சரியாகப் பொருந்தாது. ஆங்கிலத் தொடரில் இருப்பது எந்தப் பக்கமும் சாய மறுப்பவர் மீதான குறை. தமிழ்த் தொடரில் எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாத நிச்சயமின்மை அதிகம். தேர்தல் முடிவைப் பற்றிப் பேசும்போது 'ஃபென்ஸ்' சரிவராது, 'இட் குட் கோ ஐதர் வே' என்பதே சரி. சில தொடர்கள் அழகாகப் பொருந்தும். 'அகலக்கால் வைக்காதே' என்பதற்கு 'டோன்ட் பைட் ஆஃப் மோர் தன் யூ கேன் சூ'. 'இருதலைக்கொள்ளி எறும்பு' என்பதற்கு 'பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் புளூ ஸீ'. ஒரே கல்லில் நமக்கு இரண்டு மாங்காய் விழுகிறது, அவர்களுக்கு இரண்டு பறவை. 'வயிற்றெரிச்சல்' மட்டும் கவனம்: அதை நினைத்துக்கொண்டு 'ஹார்ட்பர்ன்' என்று சொன்னால் மருந்துக்கடைக்குப் போகச் சொல்வார்கள், அது உணவு எதுக்களிப்பதால் வரும் நெஞ்செரிச்சல். பொறாமைக்கு 'என்வி'தான்.

இந்திய வழக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ப்ரீபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' போன்றவை பிழைகள் அல்ல, இந்திய ஆங்கிலம். சென்னையிலிருந்து பெங்களூருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'ப்ரீபோன்' தாராளமாக இருக்கட்டும். வாசிப்பவர் பிரிட்டனில் இருந்தால் 'ப்ரிங் த மீட்டிங் ஃபார்வர்ட்', அமெரிக்காவில் இருந்தால் 'மூவ் இட் அப்'. 'கோப் அப் வித்' வேறு வகை. அதில் 'அப்' தேவையே இல்லை, எங்கும் 'கோப் வித்' போதும். எதை மாற்றிக்கொள்வது, எதை இடத்துக்கு ஏற்பப் பயன்படுத்துவது என்ற பிரிவு மனதில் இருந்தால் தாழ்வுணர்ச்சி இல்லாமல் கற்கலாம்.

தேடியதை நிலைநிறுத்த

அகராதியில் பார்த்தது மறந்துபோவது இயல்பு. அதற்கு ஆங்கி என்ற நினைவு அட்டைச் செயலி நன்றாக உதவும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம்; ஐஃபோனில் மட்டும் கட்டணம். அதில் நாளுக்கு 20 புது அட்டை என்பது தொடக்க அமைப்பு. வேலைக்குப் போகிறவர் முதல் நாளே அதை 5 ஆகக் குறைத்துவிட வேண்டும். குறைக்காவிட்டால் மூன்றாவது வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டிய அட்டைகள் நூற்றுக்கணக்கில் குவிந்து, செயலியையே நீக்கிவிடுவீர்கள். அட்டையின் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதினால் மீண்டும் பழைய குழிதான். முழு வாக்கியத்தை எழுதி, கூட்டாளிச் சொல்லை மட்டும் மறைக்கும் 'குளோஸ்' வகை அட்டையைத் தேர்ந்தெடுங்கள். 'வி ஹாவ் டு ____ எ டிசிஷன் பை ஃப்ரைடே' என்பதில் கோடிட்ட இடத்தைச் சொல்வதே பயிற்சி. ஒரு அட்டை எட்டு முறை தவறினால் ஆங்கி அதை 'லீச்' என்று குறியிடும். அந்த அட்டையை மறுபடி மறுபடி உருட்டாமல், வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். பெரும்பாலும் குறை அட்டையில்தான் இருக்கும்.

உச்சரிப்புக்கும் தொனிக்கும் யூகிளிஷ் என்ற தளம் உண்டு. ஒரு தொடரைத் தட்டினால் அது பேசப்படும் யூடியூப் காணொளிகளை அந்த நொடியிலிருந்தே ஓடவிடும். பிரிட்டிஷ், அமெரிக்கப் பேச்சு என்று தேர்ந்தெடுக்கலாம். பத்துக் காணொளியாவது கேளுங்கள். ஆங்கிலப் பாடம் நடத்துகிறவர் அந்தத் தொடரை விளக்குகிறாரா, யாராவது பேச்சுவாக்கில் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். பாடக் காணொளிகளே திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தொடரைப் புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொண்டு, பேச்சில் தவிர்த்துவிடலாம். பள்ளியில் நாம் படித்த 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' தொடரை இப்படிச் சோதித்துப் பாருங்கள். கொட்டும் மழைக்கு 'இட்ஸ் போரிங் டவுன்' என்ற எளிய தொடர் எங்கும் செல்லும். எழுத்தில் 'போர்' என்பதன் எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சலிப்பைக் குறிக்கும் 'போரிங்' வேறு.

எந்தத் தளத்தை நம்பினாலும் உங்கள் குறிப்பு உங்கள் கையில் இருக்கட்டும். நல்ல பெயர் வாங்கியிருந்த மேக்மிலன் இணைய அகராதி 2023இல் மூடப்பட்டது. நோட்டில் ஒரு தொடருக்கு ஐந்து வரி போதும். உதாரணத்துக்கு ஒன்று:

தொடர்: கெட் கோல்ட் ஃபீட்.
யாரைப் பற்றி: ஒரு காரியத்துக்கு ஒப்புக்கொண்டு, நாள் நெருங்கும்போது துணிவு இழப்பவர்.
முத்திரை: பேச்சுவழக்கு, அலுவலக அறிக்கையில் வேண்டாம்.
மாறாதது: 'ஃபீட்' எப்போதும் பன்மை, முன்னால் 'எ' வராது.
வாக்கியம்: 'ஹி வாஸ் கோயிங் டு செல் த ஹவுஸ், பட் ஹி காட் கோல்ட் ஃபீட்.'